அறுவைக்குப் பின் எண்ணெய் நீவுதல்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத் திங்கட் கூட்டத்தில் இலக்கியப் பொருள் ஒன்று பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தனர். தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட எமக்கு அஃது எளிய பணியே. ஆயினும் இம்முறை அதனை ஒத்திவைத்து, வேறொரு பொருளைப் பேச விடை வேண்டினோம். அறுவை மருத்துவம் செய்துகொண்டு வீடு திரும்பியோர்க்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுதல், உருவுதல், பிடித்துவிடுதல் ஆகியவற்றை எப்போது செய்யலாம், எப்போது செய்தல் ஆகாது என்பதே அப்பொருள். தமிழாசிரியன் மருத்துவம் பேசுதல் தகுமோ என ஐயுறுவீர். மருத்துவம் கற்றதனால் பேச வந்தோம் அல்லேம். கல்லாதிருந்தும் கற்றார்போல் ஒழுகி ஒரு பிழை செய்தேம். அப்பிழை பிறர் மனையில் நிகழாதிருத்தல் வேண்டும் என்றே பேச வந்தோம்.

முதற்கண் ஒன்று கூறுவோம். எண்ணெய் நீவுதலை இகழ்தல் எம் கருத்தன்று. கொங்கு நாட்டார்க்கு எண்ணெய் உணவும் மருந்தும் ஆவது. காங்கேயத்துத் தேங்காயெண்ணெயும், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும், விளக்கெண்ணெயும் இல்லாத வீடு நம்மிடை இல்லை. சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு நம் முன்னோர் வகுத்த ஒழுக்கம். சித்த மருத்துவத்தார் இக்கலையைத் தொக்கணம் எனப் பெயரிட்டு, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாகப் பகுத்துள்ளனர். நம் கோயமுத்தூரிலேயே 1943-ஆம் ஆண்டில் ஆரிய வைத்திய மருந்தகம் தோன்றி, எண்ணெய்ச் சிகிச்சைக்கெனப் பல நாட்டாரும் நாடிவரும் நிலையமாக வளர்ந்தது. இத்துணைப் பெருமை உடைய கலையைப் பழித்தல் பேதைமை.

ஆயின், எண்ணெயின் பெருமை கூறிய பழைய நூல்களே அதன் விலக்கையும் கூறின. அஷ்டாங்க இருதயம் என்னும் வடமொழி மருத்துவ நூல் எண்ணெய் தேய்த்தலின் நன்மைகளை அடுக்கிக் கூறிய உடனேயே, கபம் மிகுந்தோர்க்கும், வாந்தி பேதி முதலியவற்றால் உடலைச் சுத்தி செய்துகொண்டோர்க்கும், செரியாமை உடையோர்க்கும் அஃது ஆகாது என விலக்குகின்றது. விதியும் விலக்கும் சேர்ந்ததே மருத்துவம். நாமோ விதியை மட்டும் நினைவிற்கொண்டு விலக்கை மறந்தோம்.

இனி எம் பிழையைக் கூறுவோம். எம் தங்கையின் மகன் ஒன்பது வயதினனாக இருந்தபோது வேப்பமரத்தினின்றும் வீழ்ந்து வலமுழங்கைக்கு மேல் எலும்பு முறிந்தது. நகரத்து மருத்துவமனை ஒன்றில் கம்பி செருகி எலும்பைச் சேர்த்தனர். நான்காம் வாரம் கம்பியும் கட்டும் எடுக்கப்பெற்றன. கை விறைத்திருந்தது, பாதியே மடங்கிற்று. "எண்ணெய் தேய்க்க வேண்டா, எவரும் பிடித்து மடக்கவும் வேண்டா, பையன் தானே ஆட்டிப் பழகட்டும், சில திங்களில் சரியாகும்" என அறுவை மருத்துவர் தெளிவாகவே கூறினார்.

யாம் அதனைப் பொருட்படுத்தினோம் அல்லேம். முறிவுக்கு எண்ணெய் போடாது விட்ட குடும்பமும் உண்டோ என எண்ணினோம். தாய்மாமன் என்னும் உரிமை வேறு. தங்கை தயங்கியபோது, "பயப்படாதே அம்மா, நம் பெரியோர் கண்ட முறைதான்" என்றோம். "நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னாச் சரிங்க அண்ணா" என்றாள். நாள்தோறும் காலையும் மாலையும் சுடவைத்த எண்ணெயால் முழங்கையை அழுந்தத் தேய்த்து, கையை வலிந்து மடக்கி நீட்டினோம். "போதுங்க மாமா, போதுங்க மாமா" என்று அவன் அழுதான். வலி பொறுத்தால்தான் கை வழங்கும் எனத் தேற்றி மேலும் மடக்கினோம்.

மூன்றாம் வாரத்தில் முழங்கை வீங்கிச் சுட்டது. முன்பு மடங்கிய அளவும் மடங்காதாயிற்று. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். மூட்டின் முன்புறத்துத் தசையில், எலும்பு இருக்கலாகாத இடத்தில், புதிய எலும்பு படர்ந்திருந்தது. அடிபட்ட முழங்கையைச் சுற்றியுள்ள தசையை அழுத்தித் தேய்த்தாலும் வலிந்து இழுத்தாலும், உள்ளே மீண்டும் குருதி கசிந்து, அவ்விடத்தில் எலும்பு விளைதல் உண்டு என்றும், எலும்பு மருத்துவ மாணவர்க்கு முதலில் கற்பிக்கப்படும் பாடங்களுள் இஃது ஒன்று என்றும் கூறினார். அவர் எம்மைக் கடிந்திலர், கடிந்திருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும். பின்னர் மற்றோர் அறுவை செய்தும் அக்கை முழுதும் மடங்கவில்லை. இன்று கல்லூரியிற் பயிலும் அவனது வலக்கை விரல் அவன் தோளைத் தொடுவதில்லை. எலும்பை முறித்தது மரம்; கையை முடக்கியது எம் அன்பு.

இதனை ஓர் அவையிற் கூறுதற்கு எமக்குப் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. கூறிவிட்டோம். இனி, அறுவைக்குப் பின் உடல் எந்நிலையில் உள்ளது என்பதைப் பின்னர் யாம் கேட்டும் கற்றும் அறிந்தவாறு சொல்லுவோம்.

அறுத்துத் தைத்த உடல் புதிதாய் இட்ட வரப்பினை ஒக்கும். மேல்மண் இரண்டு நாள் வெயிலிற் காய்ந்து உறுதியாய்த் தோன்றும். உள்ளே ஈரம் வற்றியிராது. கால் வைத்தால் சரியும். புண்ணும் அத்தகையதே. முதற்சில நாள் வீக்கமும் வெம்மையும் இருக்கும். பின்னர் ஏறத்தாழ மூன்று வாரம் வரை புதுத்தசை வளரும். அதன்பின் ஓராண்டும் அதற்கு மேலும் அத்தழும்பு மெல்ல மெல்ல முதிரும். மூன்றாம் வாரத்தில் ஆறிய இடத்தின் வலிமை பழைய தோலின் வலிமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே. மூன்று திங்கள் கழிந்தபின்னும் அஃது ஐந்தில் நான்கு பங்கைக் கடப்பதில்லை. தையல் பிரித்தாயிற்று, புண் மூடிற்று என்று கண்ணால் கண்டு துணிந்து கையை வைத்து அழுத்துவோர் இதனை நினைத்தல் வேண்டும்.

இதனினும் அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. வாய்க்காலில் நீர் ஓடாது தேங்கின் பாசி கட்டுமாறு போல, படுத்த படுக்கையாய்க் கிடப்போர் காலின் ஆழ்ந்த நாளங்களிற் குருதி தேங்கி உறைதல் கூடும். குருதியோட்டம் மந்தமாதல், நாளத்தின் சுவர் ஊறுபடுதல், குருதி எளிதில் உறையுந் தன்மை எய்துதல் என்னும் மூன்றும் இதற்குக் காரணமாம். இம்மூன்றும் செருமானிய அறிஞர் உருடோல்பு விர்ச்சோ என்பார் பெயரால் வழங்குகின்றன. குருதியுறைவு பற்றிய அவர்தம் ஆய்வுகள் 1856-இல் நூலாயின. அறுவைக்குப் பின் இம்மூன்றும் ஒருங்கு கூடுகின்றன. இடுப்பு, முழங்கால் ஆகியவற்றில் அறுவை செய்துகொண்டோர்க்கு மிகுதியாகக் கூடுகின்றன. அதுபற்றியே அவர்கட்கு ஐந்து வாரம் வரையிலும் கூடக் குருதி உறையாமைக்கு மருந்து தருவர்.

அங்ஙனம் உறைந்த கட்டி காலில் இருக்கும்போது கெண்டைக்காலைப் பிடித்து உருவினால் யாது நிகழும்? கட்டி பெயர்ந்து குருதியோடு மேலேறி, நெஞ்சகத்தை அடைந்து, நுரையீரல் நாளத்தை அடைத்தல் கூடும். அஃது உயிர்க்கே இறுதியாதலும் உண்டு. அறுவை முடிந்தவர் "கால் கடுக்குது, கொஞ்சம் பிடிச்சு விடு" என்று கேட்பது எந்த வீட்டிலும் நிகழ்வதே. மகனும் மருமகளும் மறுப்பரோ? அன்பினாலே அமர்ந்து உருவுவர். ஆதலின் இதனை உளங்கொள்க: ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டைக்காலில் வலி, தொட்டால் வெம்மை, சிவத்தல் ஆகிய குறிகளுள் எது காணினும் அக்காலில் கை வைத்தல் ஆகாது, அன்றே மருத்துவரிடம் காட்டல் வேண்டும். கட்டி உளதோ இலதோ என்பதை ஸ்கேன் கருவி காட்டிவிடும். திடீரென மூச்சு முட்டல், நெஞ்சு வலி, இருமலிற் குருதி ஆகியவை தோன்றின் ஒரு நொடியும் தாழாது 108-ஐ அழைத்தல் வேண்டும். குறியொன்றும் இல்லாதபோதும் கட்டி மறைந்திருத்தல் உண்டு. ஆகலின் மருத்துவர் ஒப்புதல் இன்றி அறுவைக்குப் பிந்தைய வாரங்களிற் காலை உருவாதிருத்தலே நன்று. கால் கடுப்பு என்பாரைக் கைப்பிடித்து நான்கு அடி நடத்துக. படுத்திருப்பின் கணுக்காலை மேலும் கீழும் அவரே அசைக்கச் செய்க. மருத்துவர் விலக்காதவிடத்து, உருவுதலினும் இது நற்பயன் தரும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தமை யாவரும் அறிவர். காக்க வேண்டிய முறைகளை யாமும் அந்நான்கின்மேல் வைத்தே கூறுவோம்.

முதலாவது, நோயுற்றவர் மறையாது உரைத்தல் வேண்டும். நீவ வருபவர் ஆயுர்வேத நிலையத்தாராயினும், மசாஜ் நிலையத்தாராயினும், ஊரில் சுளுக்கு எடுப்பவராயினும், எந்த அறுவை, எந்நாள், உடலுள் கம்பியோ தகடோ செயற்கை மூட்டோ இதயக் கருவியோ வைத்துள்ளனரோ என்பவற்றை முன்னரே சொல்லுக. உண்ணும் மருந்தையும் சொல்லுக. குருதி உறையாமைக்கு மருந்துண்பவரை அழுத்திப் பிடித்தால் உள்ளே குருதி கசிந்து கன்றிப்போம். நீரிழிவு உடையார்க்கு உணர்ச்சி குன்றியிருக்கும். புண்ணும் எளிதில் ஆறாது. வலி தணிக்கும் மருந்துண்டவர், அழுத்தம் மிகினும் "வலிக்கிறது" என்று சொல்ல அறியார். மரத்த தோலின்மேல் சுடு எண்ணெயோ ஒற்றடமோ இடின், வெந்து கொப்புளித்த பின்னரே தெரியவரும்.

இரண்டாவது, மருத்துவர் விடை. இங்கு மருத்துவர் என்றது அறுவை செய்தவரையே. உடலுள் எதனை அறுத்தார், எதனைத் தைத்தார் என்பதை அவரே அறிவார். எத்தனை நாளுக்குப் பின் நீவலாம் என்பதற்கு எல்லார்க்கும் பொதுவான கணக்கு இல்லை. சிறு கட்டி நீக்கியதும் முதுகெலும்பில் அறுத்ததும் ஒன்றாகா. புண் முற்றும் மூடி, தையல் நீங்கி, பொருக்கு உதிர்ந்த பின்னரே தழும்பைத் தொடுதல் பற்றிய பேச்சு எழும். உடல் முழுதும் அழுத்தித் தேய்க்கும் முறைக்கோ ஆறு வாரமோ அதனினும் நீண்ட காலமோ காத்தல் வேண்டியிருக்கும். காய்ச்சல், சீழ், தீநாற்றம், புண்ணைச் சுற்றிச் சிவப்புப் படர்தல் ஆகியவை காணின் எந்நாளாயினும் நீவுதல் ஆகாது.

மூன்றாவது, மருந்தாகிய எண்ணெய். ஆறாத புண்ணின்மேலும், தையலின்மேலும், மாவுக்கட்டின் இடுக்கிலும் எண்ணெய் விடுதலை ஒழிக்க. எண்ணெய் எத்துணைத் தூயதாயினும், அடுப்பங்கரைக் கிண்ணத்தில் ஊற்றிப் பலர் விரலிட்டுத் தொட்டது புண்ணுக்கு ஆகாது. புண் ஆறிய பின்னும் முதலில் சிறிதளவு தடவிப் பார்த்து, அரிப்போ தடிப்போ இல்லையென்று கண்ட பின்னரே மிகுதியாகக் கொள்க.

நான்காவது, நீவுவோன். அவன் கை தூயதாதல் வேண்டும். வியன்னா நகரத்து மகப்பேற்று மனையில் 1847-ஆம் ஆண்டு செம்மெல்வைசு என்னும் மருத்துவர், மருத்துவர் கைகளைக் குளோரின் கலந்த நீரிற் கழுவச் செய்து, பிள்ளை பெற்ற தாய்மாரின் சாவைப் பெரிதும் குறைத்தார். மருத்துவர் கையே கழுவ வேண்டிற்றெனின் நம் கை எம்மாத்திரம்? நகம் களைந்து, மோதிரம் கழற்றி, சோப்பிட்டுக் கழுவிய கையே நோயாளியைத் தொடத்தக்கது. "வலி இருந்தால்தான் குணம்" என்பவரிடமும், எத்தகைய அறுவை என்று வினவாதே எண்ணெயை எடுப்பவரிடமும் உடலை ஒப்புவித்தல் கூடாது. முறையாகப் பயின்ற இயன்முறை மருத்துவரிடமோ, பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடமோ செல்லுக. அவர் அறுவை மருத்துவரோடு ஒருசொல் கலந்து பேசுவாராயின் மிக நன்று.

இனி, நம் குடும்பங்களில் மிகுதியாக நிகழும் மூன்றினைத் தனித்துக் கூறுவோம்.

ஒன்று, பிள்ளைப்பேறு. 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிற் பிறந்த குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 45 சிசேரியன் என்னும் அறுவையாற் பிறந்தவை. பாட்டிமார் கண்ட முறைகள் அறுவை இன்றிப் பெற்ற தாய்க்கு வகுக்கப்பட்டவை. வயிற்றைப் பிசைந்து எண்ணெய் தேய்த்து, கொதிக்கும் வெந்நீரை ஓங்கி ஊற்றுவதை அறுவை செய்த வயிற்றின்மேற் செய்தல் தகாது. அங்கே தோலின் கீழ்ப் பல அடுக்குகளிலும் தையல் உண்டு, கருப்பையிலும் உண்டு. ஆறாம் வாரத்து மறுசோதனையிற் கேட்டு, விடை பெற்ற பின்னர் வயிற்றைத் தொடுக. அன்னைமார்களே, உங்கள் கைப்பக்குவத்தை யாம் குறை கூறவில்லை. அதற்குரிய நாள் வரும்வரை பொறுக்குமாறு வேண்டுகின்றோம்.

இரண்டு, பொறியிற் சிக்கிய கை. சோமனூர், பல்லடம், திருப்பூர்ப் பக்கங்களில் தறியும் பொறியும் உள்ளவரை இத்தீங்கும் உளது. கோவையில் 1978-இல் தோன்றிய கங்கா மருத்துவமனை, சிதைந்த கைகளை மீட்கும் அறுவைக்கு நாடெங்கும் பெயர் பெற்றது. அறுந்த நரம்பையும் தசைநாணையும் தைத்த கை, முதற்சில வாரங்களில் மிக நொய்தானது. விரலைப் பிடித்து நீட்டி உருவினால் தைத்த நாண் அறுந்துபோம். அசைத்தல் வேண்டும்தான், அஃது இயன்முறை மருத்துவர் கற்பித்த அளவிலே நிகழ்தல் வேண்டும். ஆயின் ஒட்டுத் தோல் நன்கு பொருந்தி ஆறியபின், அதனைத் தேங்காயெண்ணெயால் மென்மையாக நீவுமாறு மருத்துவரே கூறுவதுண்டு. அன்று விலக்கப்பட்ட எண்ணெய் இன்று மருந்தாகின்றது. காலமே வேறுபாடு.

மூன்று, மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்டிர். அக்குளில் உள்ள நிணக்கணுக்களையும் நீக்கியவிடத்து அப்பக்கத்துக் கை வீங்குதல் உண்டு. இதனை வடிப்பதற்குத் தோலை மெல்லென வருடும் தனிமுறை ஒன்று உளது. 1930-களில் டென்மார்க்கு நாட்டு எமில் வோடர் என்பார் வகுத்த முறையினின்றும் வளர்ந்தது அது. பயின்றவர் கையால் அது நன்மை தரும். வீக்கத்தைக் கரைப்போம் என்று பிறர் அழுந்தப் பிசைந்தால் தீங்கு மிகும். நாணத்தால் இந்நோயை மறைக்கும் தாய்மார்க்கு இச்செய்தியை எட்டச் செய்தல் நம் கடமை.

தழும்பை நீவுமாறு மருத்துவர் விடை தந்தபின் செய்யும் முறையும் எளிதே. விரல்நுனியாற் சிறுசிறு வட்டமாக, வலியாத அளவில், சில நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று முறை நீவுக. தோல் உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் நெகிழ்வதற்கு இது துணைசெய்யும். சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, வலி மிக்காலோ நிறுத்துக.

சங்கத்து அன்பர்களே! அறுவை செய்தவரைக் காண உறவினர் திரண்டு செல்வது நம் குலத்தின் நல்வழக்கம். பழமும் ஆர்லிக்சும் கொண்டு செல்வது போலவே எண்ணெய்ப் புட்டியும் அறிவுரையும் கொண்டு செல்கின்றோம். இனி அறிவுரையை வீட்டில் வைத்துவிட்டு வினாவைக் கொண்டு செல்வோமாக. நீவலாமா? எந்நாள் முதல்? எவ்விடத்தில்? எவ்வளவு அழுத்தி? யார் கையால்? இவ்வைந்து வினாவையும் மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதி வாங்கி, நோயாளியின் தலைமாட்டில் ஒட்டிவைக்குமாறு வேண்டுகின்றோம். மாமன் வந்தாலும், மச்சான் வந்தாலும், ஊர்ப் பெரியவர் வந்தாலும் அத்தாளைக் காட்டுக. எம்போன்ற படித்தவர் வந்தாலும் தயங்காது காட்டுக. எம் தங்கையின் வீட்டில் அத்தகைய தாள் ஒன்று இருந்திருப்பின், எம் சொல்லை மறுக்க அவளுக்கு ஒரு துணை இருந்திருக்கும்.

சென்ற பொங்கலுக்கு அப்பிள்ளை எம் மனைக்கு வந்து காலில் வீழ்ந்து வணங்கினான். எழுந்து நின்று திருநீறு கேட்டான். தன் வலக்கையால் நெற்றி எட்டாது என்பதனால் எம் கையால் இடுமாறு கேட்டான். இட்டோம். அவன் முகத்தில் வெறுப்பு ஒரு சிறிதும் இல்லை. அந்நெற்றியைத் தொட்ட கையாலேயே இச்சொற்பொழிவை எழுதினோம்.

அன்பு வேண்டும், அன்போடு கேள்வியும் வேண்டும். கேட்டபின் தொடுவோமாக.